சேலத்தில் இருந்துகொண்டு 41 வயதில் கோல்ஃப் ஆரம்பிக்கலாமா? 14 மட்டை உள்ள பழைய செட்டை வாங்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். அஸ்தம்பட்டியில் குடியிருக்கிறீர்கள், வயது 41. டிவியில் கோல்ஃப் பார்த்துப் பார்த்து ஆசை வந்திருக்கிறது. ஏற்காட்டில் மாமனார் வீடு. மாதம் ஒருமுறை மலையேறுவீர்கள். பக்கத்தில் மைதானம் இல்லாததால் கோவைக்கோ பெங்களூருக்கோ எப்போதாவதுதான் போக முடியும். தெரிந்தவர் ஒருவர் 14 மட்டை கொண்ட செட்டை விற்கிறார், டூர் ஆட்டக்காரர்கள், அதாவது தொழில்முறைப் போட்டித் தொடர்களில் ஆடுபவர்கள், வைத்திருக்கும் அதே மாடல் என்கிறார். அதை வாங்கலாமா, மலைமேல் பந்து கூடுதல் தூரம் போகும் என்பது நிஜமா என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிறபோக்கில், “இந்த வயதில் இந்த ஊரில் ஆரம்பித்தால் உருப்படியாக வருமா?” என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதுதான் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

வரும். நன்றாகவே வரும். ஆனால் நீங்கள் யோசிக்கும் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் செட், அப்புறம் தூரம், கடைசியில் ஆட்டம் என்று போகிறீர்கள். பந்தில் படும் நொடியில் மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் ஆரம்பியுங்கள். அதைக் கற்றுக்கொள்ள மைதானம் தேவையில்லை, சேலத்தில் ஒரு வீட்டுக் கூடமும் கொஞ்சம் மண் தரையும் போதும்.

எழுதுவது யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பயிற்சியாளர் அல்ல. உலோகவியல் படித்து, உருக்குத் தொழிலில் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஏற்காட்டில் இருக்கிறேன். கோல்ஃப் பல வருடப் பழக்கம், எல்லாமே அமெச்சூர் ஆட்டம். ஆகவே மட்டையின் உலோகத்தைப் பற்றியும் பந்து பறக்கும் விதத்தைப் பற்றியும் உறுதியாகப் பேசுவேன். உங்கள் தோளும் இடுப்பும் எப்படித் திரும்ப வேண்டும் என்பதை நேரில் பார்க்காமல் யாரும் சொல்லக் கூடாது, நானும் சொல்லப் போவதில்லை.

சந்தேகமே இல்லாத விஷயங்களில் இருந்து தொடங்குகிறேன். மட்டையும் பந்தும் ஒன்றை ஒன்று தொட்டிருக்கும் நேரம் ஏறக்குறைய அரை மில்லி செகண்ட், அதாவது ஒரு செகண்டை இரண்டாயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. கையில் உணர்ந்த அதிர்வு மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் பந்து கிளம்பிப் போயிருக்கும். அடிக்கும்போது திருத்திக்கொள்ளலாம் என்பதற்கு வழியே இல்லை. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த நேரத்தில் மட்டை முகம் பார்த்த திசைதான். அயர்னில் (மெல்லிய உலோகத் தலை உள்ள, எண் போட்ட மட்டை) ஏறக்குறைய முக்கால் பங்கு, டிரைவரில் (அதிகத் தூரம் அடிக்கும் பெரிய தலை மட்டை) 85 சதவீதம் என்று கணக்கு. மீதிதான் மட்டை வீசி வந்த பாதையின் பங்கு. அப்புறம் பந்து காற்றில் வளைவது, முகத்துக்கும் பாதைக்கும் உள்ள கோண வித்தியாசத்தால். பல தலைமுறைகளாக இதை நேர் எதிராகச் சொல்லிக்கொடுத்தார்கள்: வீசும் பாதையில் கிளம்பும், முகம் பார்க்கும் இடத்தில் போய் விழும் என்று. 2000-க்குப் பிறகு ரேடார் வைத்துப் பந்தைத் தொடரும் கருவிகள் பரவிய பிறகுதான் அந்தப் பாடம் மாறியது. இன்னும் பழைய பாடத்தையே சொல்லும் வீடியோக்கள் ஏராளமாகக் கிடக்கின்றன. யாராவது அப்படிச் சொன்னால் அந்த வீடியோவை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் டிவியில் பார்ப்பதும் வேறு மாதிரி தெரியும். ஜிம் ஃப்யூரிக் ஆடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? மட்டையை மேலே கொண்டுபோய், ஒரு சுழி சுழித்து, வேறொரு வழியாகக் கீழே இறக்குவார். எந்தப் பயிற்சியாளரும் ஒரு குழந்தைக்கு அப்படிச் சொல்லித்தர மாட்டார். அந்த ஸ்விங்கோடுதான் 2003-இல் யு.எஸ். ஓப்பன் ஜெயித்தார், 2016-இல் டிராவலர்ஸ் போட்டியில் ஒரு சுற்றின் 18 குழிகளையும் 58 அடியில் முடித்தார். அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் அதற்குமுன் அந்த எண்ணை யாரும் தொட்டதில்லை. பப்பா வாட்சன் முறையான பயிற்சி எடுக்காமலே வளர்ந்து இரண்டு முறை மாஸ்டர்ஸ் ஜெயித்தவர். ஸ்காட்டி ஷெஃப்லரின் பாதங்கள் அடிக்கும்போது வழுக்கிக்கொண்டே போகும். மூவருடைய உடம்பும் மூன்று விதமாக வேலை செய்கிறது. பந்தில் படும் இடத்தில் மட்டை முகம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. டிவி ஆட்டக்காரரின் தோரணையை நிலைக்கண்ணாடி முன்னால் நின்று காப்பியடிப்பதை விட, உங்கள் மட்டை முகம் எங்கே பார்க்கிறது என்று கண்டுபிடிப்பதில் நேரத்தைப் போடுங்கள்.

அதற்கு நான் சிபாரிசு செய்யும் கருவி ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்கேல். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், தச்சர்களும் வெல்டிங் பட்டறைக்காரர்களும் வைத்திருப்பது. 3 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் சரி. மொசைக் தரையில் மட்டமான இடம் பார்த்துப் போடுங்கள். ஸ்கேலின் ஒரு நுனியில் ஆணியில் மாட்டுவதற்கு ஒரு துளை இருக்கும். அந்தத் துளையின் மேல் பந்தை வைத்தால் நகராமல் உட்கார்ந்துகொள்ளும். புட்டரால் (குழியை நோக்கிப் பந்தை உருட்டும் மட்டை) மெதுவாகத் தட்டுங்கள், பந்து ஸ்கேலின் மேலேயே மறுமுனை வரை உருள வேண்டும். முகம் இம்மி திரும்பியிருந்தாலும் பாதி வழியில் விளிம்பைத் தாண்டி ‘டக்’ என்று தரையில் இறங்கும். வலது கைக்காரர் என்றால், இடப்பக்கம் இறங்கினால் முகம் மூடியிருந்தது, வலப்பக்கம் இறங்கினால் திறந்திருந்தது. ஸ்கேலுக்கு அப்பால் ஒரு பவானி ஜமக்காளத்தை மடித்துப் போட்டுவிட்டால் பந்து சோஃபாவுக்கு அடியில் ஓடாது.

இந்த ஸ்கேல் விளையாட்டுச் சாமான் மாதிரி தெரிந்தாலும் கணக்கு கறாரானது. பந்து நடுக்கோட்டில் இருந்து 15 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் விழுந்துவிடும். ஒரு மீட்டர் நீளத்துக்கு 15 மில்லிமீட்டர் என்றால் 0.86 டிகிரி. கோல்ஃப் குழியின் விட்டம் நாலேகால் அங்குலம், அதாவது 108 மில்லிமீட்டர். நடுவில் இருந்து விளிம்புக்கு 54. மூன்று மீட்டர் தூரத்தில் 0.86 டிகிரி விலகல் என்பது 45 மில்லிமீட்டர்தான். ஆக, ஸ்கேலின் கடைசி வரை தாக்குப்பிடிக்கும் பந்து, சமதளத்தில் மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் குழிக்குள் போகும் திசையில்தான் கிளம்பியிருக்கிறது. உங்கள் வீட்டுக் கூடத்தில் கிடைக்கும் இந்தத் தகவல், பெரிய மைதானத்தில் ஆயிரக்கணக்கில் பணம் கட்டி ஆடினாலும் இவ்வளவு சுத்தமாகக் கிடைக்காது. அங்கே சரிவு, புல்லின் சாய்வு, வேகம் எல்லாம் கலந்துவிடும். தவறு எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

மூன்று மீட்டர் என்பதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பிஜிஏ டூர் ஆட்டக்காரர்கள் 8 அடி தூரத்தில் இருந்து பாதிக்குப் பாதிதான் உள்ளே போடுகிறார்கள். 10 அடி என்றால் பத்துக்கு நாலு. டிவியில் ஜெயித்துக்கொண்டிருப்பவரை மட்டுமே காட்டுவதால் எல்லாமே உள்ளே போகிற மாதிரி தோன்றும். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூருப் பெண் அதிதி அசோக் நாலாவது இடம் பிடித்ததை நீங்களும் விடிய விடியப் பார்த்திருப்பீர்கள். அவர் பந்தைத் தூரம் அடிப்பவர் அல்ல. கூட ஆடியவர்கள் பல கஜம் முன்னால் போய் நின்றார்கள். புட்டரை வைத்துத்தான் கடைசி நாள் கடைசிக் குழி வரை பதக்கப் போட்டியில் இருந்தார். ஒரே ஒரு அடியில் வெண்கலம் கை நழுவியது. அந்த வாரம் அவர் ஆடியதை மனப்பாடம் செய்கிற அளவுக்குத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். குழிக்குப் பக்கத்தில் ஆடும் சின்ன ஆட்டத்தில் எவ்வளவு பெரிய காரியம் நடக்கும் என்பதற்கு நம் பக்கத்து ஊரிலேயே கிடைத்த உதாரணம்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். “புட்டிங்தான் எல்லாம், டிரைவர் வெறும் ஷோ” என்று ஒரு பழைய வசனம் உண்டு. அது சரியல்ல. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, டூரில் அடிக்கப்பட்ட லட்சக்கணக்கான அடிகளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார்: நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரான ஆட்டக்காரருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தூரத்து அடிகளில்தான் வருகிறது, புட்டிங்கின் பங்கு அதைவிட நிறையக் குறைவு. நான் உங்களை ஸ்கேலில் ஆரம்பிக்கச் சொல்வதற்குக் காரணம், முகம் திரும்புவதைக் கண்ணால் பார்த்து, காதால் கேட்டுத் திருத்த முடிகிற ஒரே இடம் அது என்பதால். அந்தப் புலன் வந்த பிறகு அயர்னை எடுங்கள்.

அயர்னில் கற்க வேண்டியது, மட்டை முதலில் பந்தையும் அப்புறம் மண்ணையும் தொடுவது. வரிசை மாறி முதலில் மண்ணைத் தொட்டால் வேகமெல்லாம் மண்ணுக்குள் போய்விடும். இதற்குப் பந்தே வேண்டாம். சாயங்காலம் தோட்டத்தில் கல் இல்லாத இடமாகப் பார்த்துத் தண்ணீர் தெளித்து மண்ணை இளக்குங்கள். கோலமாவில் ஒரு கோடு இழுங்கள், இரண்டு பாதங்களுக்கும் நடுவே வருகிற மாதிரி. 7-ஆம் எண் அயர்னால் அரை வீச்சு வீசுங்கள். மண்ணில் விழும் கீறல் கோட்டிலேயோ கோட்டைத் தாண்டி இலக்குப் பக்கத்திலேயோ ஆரம்பிக்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் ஆரம்பித்திருந்தால் பார்த்தாலே தெரிந்துவிடும். பத்து வீச்சுக்கு ஒருமுறை கோட்டைப் புதிதாகப் போடுங்கள். முழு வீச்சுக்கு அவசரப்படாதீர்கள். கீறல் ஒரே இடத்தில் விழ ஆரம்பித்த பிறகு வீச்சைப் பெரிதாக்கலாம்.

பந்து வைத்து அடிக்கும்போது வெறும் செம்மண் தரையில் அடிக்கவே கூடாது. சேலத்து மண் கோடையில் இறுகிக் கிடக்கும். அதில் தினமும் மட்டையை இறக்கினால் மணிக்கட்டும் முழங்கையும் வீங்கும், ஆறுவதற்கு மாதக்கணக்காகும். தடிமனான தென்னை நார் மிதியடி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அதன் மேல் அடியுங்கள். வலை கட்டுவதாக இருந்தால் கண்ணியின் அளவை அளந்து வாங்குங்கள். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டர்; கிரிக்கெட் வலைகளில் பலவற்றின் கண்ணி அதைவிடப் பெரியது, பந்து உள்ளே நுழைந்து மறுபக்கம் போய்விடும். 25 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் சிறிய கண்ணி வேண்டும். வலை இல்லையென்றால் துளை போட்ட பிளாஸ்டிக் பந்து. எங்கே பட்டது என்று பார்க்க, மட்டை முகத்தில் டால்கம் பவுடரை ஈரத்துணியால் தடவிவிட்டு அடியுங்கள். பந்து பட்ட வட்டம் அப்படியே பதிந்திருக்கும்.

ஏற்காட்டில் மாமனார் வீட்டு மாடியில் இருந்து சரிவை நோக்கி அடித்துப் பார்க்கும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 46 கிராம் எடையுள்ள பந்து, சாதாரண அமெச்சூர் அடித்தாலே அயர்னில் மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் கிளம்பும், டிரைவரில் 200-ஐத் தாண்டும். கீழே காப்பித் தோட்டத்தில் மரத்துக்கு மரம் ஆள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் ஒருவரும் தெரியாது. தலையில் பட்டால் உயிர் போகும்.

சரி, செட்டுக்கு வருவோம். டூர் ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் மாடல் என்று விற்பவர் சொல்வது அநேகமாக பிளேடு வகை அயர்ன், மெலிந்த தலை, பின்பக்கம் குழிவு இல்லாமல் வழவழப்பாக இருக்கும். அதில் எடையெல்லாம் நடுவில் குவிந்திருப்பதால், பந்து நடுவை விட்டு ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பட்டாலும் தலை கையிலேயே முறுக்கிக்கொள்ளும். முகம் திரும்பும், வேகம் குறையும். ஜெனரல் எலக்ட்ரிக்கில் எஞ்சினியராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் இதற்கு வழி கண்டுபிடித்தார்: நடுவில் உள்ள எடையை எடுத்து ஓரங்களில் வைத்தால் தலை எளிதில் முறுக்கிக்கொள்ளாது. பிங் கம்பெனி அப்படித்தான் பிறந்தது. இன்றைக்குக் கேவிட்டி பேக் என்று விற்கும் அயர்ன் எல்லாம் அந்த யோசனையின் வழிவந்தவை. டூரிலேயே பலர் கேவிட்டி வகையைத்தான் ஆடுகிறார்கள். 41 வயதில் தொடங்குபவர் பிளேடு வாங்குவதற்கு ஒரு காரணம்கூட எனக்குத் தோன்றவில்லை.

“ஃபோர்ஜ்டு அயர்ன் மெத்தென்று இருக்கும், காஸ்டிங் கடினமாக இருக்கும்” என்று விற்பவர் சொல்லக்கூடும். இது என் தொழில் சார்ந்தது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அடித்து உருவாக்கும் அயர்ன் பெரும்பாலும் கரிமம் குறைந்த மென் எஃகு, மேலே குரோமியம் பூச்சு. வார்த்து எடுக்கும் அயர்னில் பரவலாக இருப்பது 17-4 என்ற ஸ்டெயின்லெஸ். 17 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் நிக்கல். நம் வீட்டுப் பாத்திரங்களில் உள்ள 304-இல் குரோமியம் 18, நிக்கல் 8. அது சூடேற்றிக் கடினப்படுத்த முடியாத வகை, 17-4 கடினப்படுத்தக்கூடியது. கடினத்தில் வித்தியாசம் உண்டு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அரை மில்லி செகண்டில் அந்த வித்தியாசம் கைக்குத் தெரிகிறதா என்பது வேறு. ஆட்டக்காரர்கள் ‘மெத்தென்று’ என்று சொல்வதில் பெரும்பங்கு காதில் விழும் சத்தம்தான் என்பது என் கருத்து. தலையின் வடிவம் மாறினால் சத்தம் மாறும், சத்தம் மாறினால் உணர்வும் மாறும். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்களும் உண்டு. நடைமுறையில் உருப்படியான வித்தியாசம் ஒன்று இருக்கிறது: மென் எஃகுத் தலையை உங்கள் உயரத்துக்கு ஏற்ப ஒன்றிரண்டு டிகிரி வளைத்துச் சரிசெய்வது எளிது, 17-4-ஐ வளைப்பது கஷ்டம்.

பழைய செட் வாங்கும்போது எண்களை நம்பி ஏமாறாதீர்கள். முன்பெல்லாம் 7-ஆம் எண் அயர்னின் முகச் சாய்வு 34 முதல் 36 டிகிரி. இப்போது புதிதாகத் தொடங்குபவர்களுக்கு விற்கும் பல செட்களில் அதே எண் 28 முதல் 30 டிகிரிதான். “என் 7 உன் 7-ஐ விடத் தூரம் போகிறது” என்று இருவர் சண்டை போட்டால் பாதி நேரம் இதுதான் காரணம். ஷாஃப்டில் (மட்டையின் கம்பி) ஸ்டிஃப் என்று எழுதியிருந்தால் அது எளிதில் வளையாதது, வேகமாக வீசுபவருக்கானது. வேகத்தை அளக்காமல் எது பொருந்தும் என்று சொல்வதெல்லாம் ஊகம், ஆனால் தொடங்குபவருக்கு அதைவிட வளையும் ரெகுலர் பொருந்த வாய்ப்பு அதிகம். அப்புறம் கிரிப். நம் ஊர் வெயிலில் கார் டிக்கியில் கிடந்த செட் என்றால் ரப்பர் கிரிப் கண்ணாடி மாதிரி இறுகிப் பளபளக்கும். கிரிப்பை மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை. கவனிக்க வேண்டியது தலையும் கம்பியும் சேரும் இடம். அங்கே ஒட்டியிருப்பது எபாக்சி பசை; மே மாதம் மூடிய காருக்குள் ஏறும் சூட்டில் அது இளகும். இரண்டு கையாலும் தலையைப் பிடித்து லேசாகத் திருகிப் பாருங்கள். கறகறவென்று சத்தம் வந்தாலோ, அந்த இடத்தில் துரு தெரிந்தாலோ வேண்டாம். நீங்கள் வாங்கிய பிறகும் வீட்டுக்குள்தான் வைக்க வேண்டும்.

விதிப்படி பையில் 14 மட்டை வரை வைக்கலாம். அது மேல் வரம்புதான். 14 இருந்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தூரத்துக்கு ஒரு ஹைப்ரிட், 7-ஆம் எண், 9-ஆம் எண் அயர்ன், பந்தை உயரத் தூக்கும் சாய்வு அதிகமான சாண்ட் வெட்ஜ், புட்டர், இந்த ஐந்து போதும். டிரைவரை ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். பந்து இரண்டு அடுக்கு வகை, விலை குறைந்தது. பல அடுக்கு யூரித்தேன் பந்தின் அருமை, நடுவில் அடிக்கப் பழகிய பிறகுதான் தெரியும்.

மலைமேல் தூரம் போகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். போகும், அது உறுதி. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்று ஏறக்குறைய 14 சதவீதம் அடர்த்தி குறைவு, பந்து சுமார் 6 சதவீதம் கூடுதலாகப் போகும். ஆனால் நீங்கள் ஒப்பிடுவது கடல் மட்டத்தோடு இல்லை, சேலத்தோடு. சேலமே 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; போதாததற்கு வெயில். 38 டிகிரிக் காற்று விரிந்து அதுவே லேசாகிவிடும். மலைமேல் 22 டிகிரிக் குளிர்க் காற்று திரும்ப அடர்த்தியாகும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கோடையில் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் காற்றின் அடர்த்தியில் வித்தியாசம் 9 சதவீதம் அளவுக்குத்தான் வருகிறது. சேலத்தில் 150 கஜம் போகும் அடி ஏற்காட்டில் ஐந்தாறு கஜம் கூடப் போகும், அவ்வளவுதான். தொடங்குபவரின் ஒரே மட்டையிலேயே அடிக்கு அடி இருபது கஜம் வித்தியாசம் வரும், அதற்குள் இது காணாமல் போய்விடும். டூர் ஆட்டக்காரர்களுக்கு இது பெரிய விஷயம். 2,300 மீட்டருக்கு மேல் உள்ள மெக்சிகோ சிட்டியில் ஆடும்போது ஒவ்வொரு மட்டைக்கும் 10 சதவீதத்துக்கு மேல் கழித்துக் கணக்குப் போட்டார்கள். ஏற்காட்டுப் பனிமூட்டம் காற்றைக் கனமாக்கித் தூரத்தைக் குறைக்கும் என்று சொல்வார்கள், அது தவறு. நீராவி கலந்த காற்று உண்மையில் இம்மி லேசானது. மூட்டத்தில் தூரம் தடுமாறுவதற்குக் காரணம், மட்டை முகமும் பந்தும் ஈரமாகிச் சுழற்சி குறைவதுதான்.

மலை உங்களுக்குச் சொல்லித்தரக்கூடிய பெரிய பாடம் சரிவு. மாமனார் வீட்டுத் தோட்டத்தில் பிளாஸ்டிக் பந்தோடு நின்றாலே போதும். பந்து உங்கள் பாதத்தை விட உயரத்தில் இருந்தால் வலது கைக்காரருக்கு அது இடப்பக்கம் போகும். மட்டை சாயும்போது சாய்வுள்ள முகமும் சேர்ந்து இடப்பக்கம் பார்க்கிறது. சாய்வு அதிகமுள்ள வெட்ஜில் இது இன்னும் கூடும். பாதத்தை விடத் தாழ்வில் இருந்தால் நேர் எதிர். ஏற்றத்தில் நின்று அடித்தால் பந்து உயரமாகப் போய் முன்னாலேயே விழும், இறக்கத்தில் தாழ்வாகக் கிளம்பி ஓடும். சமதளத்தில் மட்டுமே பழகியவர்கள் கொடைக்கானல், ஊட்டி, வெலிங்டன் மாதிரி மைதானங்களுக்குப் போனால் இதில்தான் திணறுவார்கள். உங்களுக்கு மாதம் ஒருமுறை இலவசமாகக் கிடைக்கிறது.

மைதானத்துக்குப் போகும் அந்த அபூர்வ நாளைப் பற்றி. கோவையில் செட்டிபாளையம் பக்கம் 18 குழி மைதானம் இருக்கிறது, ஓசூர், பெங்களூருப் பக்கம் பல இருக்கின்றன. வெளியாட்களை அனுமதிக்கும் முறை இடத்துக்கு இடம் வேறு, போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். காலர் வைத்த சட்டை போட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை 9 குழி போதும். கேடி (பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்து வழிகாட்டும் உதவியாளர்) வைத்துக்கொள்ளுங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். நம் நாட்டில் கேடிகளின் ஆட்ட அறிவு லேசுப்பட்டது இல்லை: டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓப்பன் ஜெயித்தார், பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009-இல் அதே பட்டத்தை ஜெயித்தார். கிரீனில், அதாவது குழியைச் சுற்றி வழவழவென்று வெட்டிய புல்தரையில், பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று கேடி சொன்னால் கேளுங்கள், ஏன் என்றும் கேளுங்கள். காணாமல் போன பந்தைத் தேட விதிப்படி மூன்று நிமிடம்தான். பின்னால் வருபவர்களைக் காக்க வைக்காமல் நகர்ந்துவிடுங்கள். ஒவ்வொரு அடியையும், தவறியதையும் சேர்த்து எண்ணி எழுதிக்கொண்டு வந்தால், அடுத்த மாதம் வீட்டில் எதைப் பழக வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே இருக்கும்.

வயதைப் பற்றி. லாரி நெல்சன் வியட்நாம் போரில் இருந்து திரும்பிய பிறகு, 21 வயதில் முதன்முதலாக மட்டையைத் தொட்டு, மேஜர் எனப்படும் மிகப் பெரிய போட்டிகளில் மூன்று பட்டம் வாங்கினார். தென்கொரியாவின் ஒய்.ஈ. யாங் 19 வயதில் ஆரம்பித்து 2009-இல் டைகர் வுட்ஸை முந்தி பிஜிஏ சாம்பியன்ஷிப் ஜெயித்தார். கோல்ஃபில் இதெல்லாமே தாமதமான தொடக்கம் என்றுதான் பேசப்படுகிறது. 41-இல் டூர் கனவு வேண்டாம். ஆனால் ஹேண்டிகேப் முறையே, அதாவது திறமை குறைந்தவருக்குச் சில அடிகளைச் சலுகையாகக் கழித்துக்கொடுப்பது, உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். அதிகபட்சம் 54 வரை தருகிறார்கள். இருபது வருடம் ஆடியவரோடு நீங்கள் சமமாகப் போட்டியிடலாம், இந்த வசதி வேறு எத்தனை விளையாட்டில் இருக்கிறது?

உறுதியில்லாத பகுதி ஒன்று மிச்சம் இருக்கிறது. எடையைப் பின்காலுக்கு மாற்ற வேண்டுமா கூடாதா, கையால் வீசுவதா உடம்பால் வீசுவதா, இடது முழங்கை நேராகவே இருக்க வேண்டுமா என்பதில் பெரிய பயிற்சியாளர்களே ஒத்துப்போவதில்லை. ஒரு உடம்புக்குப் பொருந்துவது இன்னொன்றுக்கு வலியைத் தரும். பெங்களூரோ கோவையோ போகும்போது ஒரு பயிற்சியாளரிடம் ஒரு மணி நேரம் நேரில் பாருங்கள்; அது பத்து வீடியோவுக்குச் சமம். முதுகில் ஏற்கெனவே தொந்தரவு இருந்தால் அதற்கு முன்பே எலும்பு டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், இந்த வீச்சு கீழ் முதுகை நன்றாகவே முறுக்கும்.

ஆக, அந்த 14 மட்டை செட்டை வாங்க வேண்டாம். ஆனால் அதில் உள்ள புட்டரை மட்டும் தனியாகத் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். டூர் மாடல் புட்டர் தொடங்குபவருக்கும் ஒத்துவரும். நீளம் 33 முதல் 35 அங்குலத்துக்குள் இருக்கிறதா, நீங்கள் குனிந்து நிற்கும்போது தலையின் அடிப்பாகம் தரையில் முழுதாகப் படிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் தர மறுத்தால் கோவையிலோ பெங்களூரிலோ பழைய புட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அயர்ன்களை, கோலமாவுக் கோடு உங்களுக்குப் பழகிய பிறகு கேவிட்டி வகையில் பார்ப்போம். அப்போது உங்கள் உயரத்தையும், நேராக நிற்கும்போது தரையில் இருந்து மணிக்கட்டு வரை உள்ள உயரத்தையும் அளந்து எழுதுங்கள், எந்த நீளத்தில் தேடலாம் என்று சொல்கிறேன்.